கதை யாருடையது?

நம் விடுதி உணவுக்கூடத்தில் அரசியல் பேசுவார் உண்டு. கிரிக்கெட் பேசுவார் உண்டு. பாடம் பேசுவாரும் உண்டு, ஆனால் தேர்வுக்கு முதல் நாள் மட்டும். இவை எவற்றிலும் சேராத சிறு கூட்டம் ஒன்றும் உண்டு. அவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கதைத் தொடரின் அன்பர்கள். புதிய பகுதி ஒன்று வெளிவந்துவிட்டால் சாம்பார் ஆறுவதும் அறியாமல் வாதாடுவார்கள். நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. மன்றத்து நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, "இல்லாத உலகத்தில் இல்லாத மனிதருக்காக உங்களுக்கு இத்தனை சினம் ஏன்?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. நின்றபடி சொல்லக்கூடிய விடை அதற்கு இல்லாமையால் எழுத முற்பட்டேன்.

நிகழ்ந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தொடரின் புதிய கிளையாகிய 'தி அக்கோலைட்' வெளிவந்தது. அதன் நான்காம் பகுதியில், கூம்பு போல உயர்ந்த தலையும் வெண்தாடியும் உடைய கீ-ஆடி-முண்டி என்னும் பழைய பாத்திரம் சிறிது நேரம் வந்து போகின்றார். வந்ததில் என்ன பிழை? இக்கதை, 1999இல் வெளிவந்த 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்தின் நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ நூறாண்டு முற்பட்டது. பழைய துணை வெளியீடு ஒன்றோ அப்படத்தின் காலத்தில் அவருக்கு அறுபது வயது என்று கணக்கிட்டிருந்தது. ஆக, பெரியவர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சபையில் வந்து அமர்ந்துவிட்டார்! அன்பர்கள் கொதித்தெழுந்தனர். இத்தொடருக்கென அன்பர்களே நடத்தும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. புதிய பகுதிக்கு ஏற்ப அதில் பிறந்த ஆண்டைத் திருத்தியவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன என்று செய்தி வெளியாயிற்று.

இத்தனைக்கும் அத்தகைய துணை வெளியீடுகளையெல்லாம் 2014ஆம் ஆண்டிலேயே நிறுவனம் மூலக் கதையிலிருந்து ஒதுக்கிவிட்டது. சட்டப்படி பார்த்தால் முண்டியாருக்குப் பிறந்த நாளே கிடையாது. எனினும் அன்பர்கள் உள்ளத்தில் அந்த ஆண்டு கல்வெட்டாய் நின்றுவிட்டது.

கதையைப் பற்றி அறியாதாருக்கு ஒரு சொல். ஜார்ஜ் லூகாஸ் என்னும் அமெரிக்கர் 1977இல் முதற்படத்தை எடுத்தார். விண்கலம் பறக்கின்றது என்பதற்காக இதனை அறிவியற் கதை என்று எண்ணிவிடாதீர்கள். இளவரசி உண்டு, வாள் உண்டு, மந்திர ஆற்றல் உண்டு, காட்டில் தவமிருக்கும் குருவும் உண்டு. நம் விட்டலாச்சாரியா படத்தை விண்மீன்களுக்கிடையே எடுத்தால் எப்படியிருக்கும்? அதுதான். காற்றே இல்லாத வெளியில் குண்டு வெடிக்கும் ஓசை காதைப் பிளக்கும். ஆரியபட்டா செயற்கைக்கோளை நம் பீன்யாவில் உருவாக்கி 1975இல் விண்ணுக்கு அனுப்பிய ஊர் இது; இங்குள்ள பொறியியல் மாணவர்கள் அவ்வோசையைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிப்பதில் வியப்பில்லை. சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்கும் சீட்டு வாங்குவார்கள். தமிழுக்கும் இவ்வகை புதிதன்று. பாட்டுக் கற்பிக்கப் பானுமதியை வேற்றுக் கோளத்தார் தூக்கிச் செல்லும் 'கலை அரசி' படம் 1963இலேயே வந்துவிட்டது.

இனி நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். சினம் ஏன்?

தொடர்கதையின் உயிர் அதன் பகுதிகளில் இருப்பதைக் காட்டிலும் இரண்டு பகுதிகளுக்கு நடுவேயுள்ள நாட்களில் இருக்கின்றது என்பது என் கருத்து. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்தது. மூன்றரை ஆண்டுகள்! ஒரு வாரத்துப் பகுதியைப் படிக்கச் சிறிது நேரம் போதும். எஞ்சிய ஆறு நாட்களும் படித்தவர் என்ன செய்தார்? தாமே எழுதினார். தாளில் அன்று, மனத்தில். நந்தினி யார்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? திண்ணையிலும் இரயில் வண்டியிலும் ஆளுக்கொரு விடை பிறந்தது. அடுத்த இதழ் வந்தபோது கல்கி அவர்கள் எழுதிய பகுதியும் படிப்பவர் எழுதி வைத்திருந்த பகுதியும் எதிரெதிரே நின்றன. இரண்டும் ஒத்தால் மகிழ்ச்சி. கல்கியினுடையது விஞ்சினால் பெருமகிழ்ச்சி. தம்முடையதே மேல் என்று பட்டுவிட்டாலோ, அங்கேதான் சினம் பிறக்கின்றது. கதை முடிந்தபோது பலருக்கு நிறைவில்லை. கல்கி அவர்கள் என்ன செய்தார் தெரியுமா? முடிவுரை ஒன்று எழுதி, படித்தவர்களின் ஐயங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, யார் யாருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று பொறுமையாக விடை கூறினார். கடிதம் எழுதியவர்களும் தம்மைப்போல் அக்கதைக்காக உழைத்தவர்களே என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அதே கதை எழுபது ஆண்டுகளுக்குப் பின் திரைக்கு வந்தது. மணிரத்னம் எடுத்த இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வெளியானபோது இந்நகரத்துத் திரையரங்கொன்றில் நானும் இருந்தேன். நாவலில் உண்மையான உத்தம சோழன் பூக்கட்டும் சேந்தன் அமுதனே என்பது பெரிய திருப்பம். படத்தில் அதனை விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், விளக்குப் போட்டபின்னும் எழாமல், "அமுதன் என்னப்பா ஆனான்?" என்று தம் பேரனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாவலைப் படியாத பேரனுக்கு அமுதன் யார் என்றே விளங்கவில்லை. முதியவரின் ஏமாற்றமும் முண்டியாரின் பிறந்த ஆண்டுக்காக எழுந்த கூச்சலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அளவில்தான் வேறுபாடு, அந்த அளவுதான் முக்கியம் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

மேனாட்டிலும் இஃது பழைய கதையே. ஷெர்லாக் ஹோம்ஸைக் கானன் டாயில் 1893இல் அருவியில் தள்ளிக் கொன்றார்; படிப்பவர்கள் விடவில்லை; 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்.

நம் நாட்டு ரசிகருக்கும் இந்த அன்பருக்கும் உள்ள வேற்றுமை ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர் பெரும்பாலும் மனிதருக்கு ரசிகர். அல்சூரில் ரஜினி படம் வெளியாகும் நாளில் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவோருக்குக் கதை எந்த ஆண்டில் நிகழ்ந்தாலும் கவலையில்லை. தலைவர் வந்தால் போதும். தலைவர் சாகக் கூடாது, அவ்வளவே. எம்.ஜி.ஆர். இறப்பதாக முடிந்த 'பாசம்' (1962) படத்தை அவருடைய அன்பர்கள் ஏற்கவில்லை. ஸ்டார் வார்ஸ் அன்பரோ உலகத்துக்கு ரசிகர். அந்த உலகின் வரைபடம், ஆண்டுக்கணக்கு, சட்டதிட்டம் யாவும் அவருக்கு ஊர் வழக்கம் போன்றவை. அதனைப் படைத்தவரே மாற்றினாலும் பொறார். 1977 படத்தில் ஹான் சோலோ என்னும் வீரன் எதிரியை முந்திக்கொண்டு சுட்டான். 1997இல் லூகாஸ் அதனைத் திருத்தி, எதிரி முதலில் சுட்டதாக மாற்றினார். ஒரு நொடிக் காட்சி அது. வாதம் இன்றும் ஓயவில்லை.

இனி நம் பெங்களூருக்கே உரிய செய்தி. எழுத்தாளர் சுஜாதா, இயற்பெயர் ரங்கராஜன், இந்நகரத்துப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குகொண்டவர். பகலில் இயந்திரம், இரவில் கதை. அவ்வாறு எழுதியதே 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் வந்த 'என் இனிய இயந்திரா'. 2021ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஜீவா என்பவரின் சர்வாதிகாரத்தில் நாடு இருக்கின்றது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் பெண்தான் நாயகி. ஆனால் படித்தோர் நெஞ்சைக் கொள்ளை கொண்டது நிலாவும் அன்று, புரட்சியும் அன்று. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி! பேசும், படிக்கும், தத்துவம் கேட்கும், கிண்டல் செய்யும். அடுத்து வந்த பாகத்தின் பெயரைப் பாருங்கள்: 'மீண்டும் ஜீனோ'. நாடும் நாயகியும் பின்னிருக்கைக்குப் போய்விட்டார்கள். நாய் தலைப்பில் ஏறிவிட்டது. வாரந்தோறும் படித்தோர் யாரைத் தேடினார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அந்த 2021 வந்தும் போயிற்று. நம்மிடம் பேசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஜீனோவைப் போல் குறும்பு செய்ய அவற்றுக்கு இன்னும் தெரியவில்லை என்பது என் தனிப்பட்ட குறை.

அதே சுஜாதாவுக்கு மற்றோர் அனுபவமும் நேர்ந்தது. 'குமுதம்' இதழில் 1857 புரட்சியைப் பின்னணியாகக் கொண்டு 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடரைத் தொடங்கினார். சில பகுதிகளே வந்த நிலையில், தங்களை இழிவுபடுத்துவதாக ஒரு சமூகத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பு வலுக்கவே தொடர் நின்றது. பின்னர் 'இரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் அக்கதையை வேறு வடிவில் எழுதி முடித்தார். இஃது ரசிகர் சினம் அன்று, வேறு சினம் என்பீர்கள். உண்மை. ஆயினும் இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதன்று. 1988இல் தொலைக்காட்சி இராமாயணம் உத்தர காண்டம் இல்லாமலே முடியப் போகின்றது என்று அறிந்ததும் ஜாலந்தரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வான்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் மக்கள் அவர்கள். லவகுசரை வான்மீகி வளர்த்த பகுதி இல்லாமல் கதையா என்றனர். அரசு இணங்கியது, உத்தர இராமாயணம் எடுக்கப்பட்டது. அவர்களை நான் குறைகூறேன். குப்பை அள்ளுவோர் என்று ஊர் ஒதுக்கிய மக்கள், கதையில் தமக்குள்ள இடத்தைக் கேட்டுப் பெற்றார்கள். முண்டியாரின் வயதுக்காக மிரட்டல் விடுத்தவர்களுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை.

இங்கேதான் அளவு என்று நான் முன்னே சொன்னது வருகின்றது. 1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்தில் நடித்தவர் அகமது பெஸ்ட் என்னும் கறுப்பின இளைஞர். பாத்திரம் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குங்கூடப் பிடிக்கவில்லை, அதனைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அன்பர்கள் பாத்திரத்தோடு நிற்கவில்லை, ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புவரை தாம் சென்றதாக 2018இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் கெல்லி மேரி டிரான் என்னும் நடிகை, வியட்நாமிய அகதிகளின் மகள், தம் சமூக ஊடகப் பக்கத்திலிருந்த அனைத்தையும் நீக்கிவிட்டு விலகினார். 2017இல் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் ரோஸ் என்னும் பாத்திரத்தில் நடித்ததே அவர் செய்த குற்றம். நிறத்தையும் பெண்மையையும் தாக்கிய வசைகளை மாதக்கணக்கில் தாங்கியவர். அடுத்த படத்தில் ரோஸ் தோன்றும் நேரம் மிகச் சுருங்கிவிட்டது. 'தி அக்கோலைட்' 2024 ஆகஸ்டில் ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டபோதும், அதில் முதன்மைப் பாத்திரமேற்ற கறுப்பினப் பெண்ணாகிய அமாண்ட்லா ஸ்டென்பெர்க், தாம் சந்தித்த இனவெறி வசைகளைப் பற்றிப் பேசினார். பிறந்த ஆண்டுக் கணக்கை உயர்த்திப் பிடித்த குரல்கள் எல்லாம் கணக்குக்காகவே எழுந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பரே, இத்தொடரை நான் விட்டுவிடாமைக்குக் காரணம் கேட்டால் 2023 மார்ச்சில் வந்த ஒரு பகுதியைக் காட்டுவேன். 'தி மாண்டலோரியன்' தொடரின் மூன்றாம் பருவத்தில் நான்காம் பகுதி. கோயில் தாக்கப்படுகின்றது, குரோகு என்னும் பச்சிளங்குழந்தையை யார் காப்பாற்றினார் என்பது அதுவரை தெரியாத செய்தி. கதவு திறக்கின்றது. இரு கைகளிலும் ஒளிவாள் ஏந்தி வருகின்றவர் கெல்லரன் பெக். அவ்வேடத்தில் அகமது பெஸ்ட்! ஆரவாரம் எழுந்தது. 1999இல் பள்ளிப்பிள்ளைகளாய் இருந்து ஜார் ஜாரைக் கண்டு கள்ளமின்றிச் சிரித்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், அவரைக் கொண்டாடினார்கள்.  ஜார் ஜார் கணினியால் வரைந்த உருவமாகையால், இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வசை வாங்கியபோது அவருடைய முகம் திரையில் இல்லை.