வழிப்போக்கருக்காக நின்ற தூண்கள்

தில்லியிலிருந்து கர்னால் நோக்கி வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் பயணம் செய்வோரை வியக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு. ஏறக்குறைய 30 அடி உயரமுள்ள செங்கல் தூண்கள் ஆங்காங்கே தனித்து நிற்கும். வாயிலோ படிக்கட்டோ அவற்றில் இல்லை. அவை பள்ளிவாசல் மினாராக்களும் அல்ல. வெற்றித் தூண்களும் அல்ல. அடிப்பகுதி எண்கோணமாகவும் மேற்பகுதி வட்டமாகவும் அமைந்து, மேலே செல்லச் செல்லக் குறுகும் இத்தூண்களுக்குக் 'கோஸ் மினார்' என்பது பெயர். இவை முகலாயர் காலத்துத் தொலைவு காட்டிகள்.

கோஸ் என்னும் அளவு

கோஸ் என்பது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவாகும். 'குரோசம்' என்னும் வடசொல்லின் திரிபே இது. அச்சொல்லுக்குக் கூவுதல் என்று பொருள். நம் முன்னோர் வழங்கிய 'கூப்பீடு' என்னும் நீட்டலளவையும் இதே கருத்தில் பிறந்ததே. மனிதக் குரல் எட்டும் தொலைவே அளவாகப் பெயர் பெற்றது எண்ணி மகிழத்தக்கது.

அக்பரும் அஜ்மீர் வழியும்

மகன் சலீம் பிறந்ததும், தாம் செய்திருந்த நேர்ச்சையை நிறைவேற்ற, ஹஜ்ரத் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் தர்காவுக்கு 1570இல் ஆக்ராவிலிருந்து கால்நடையாகவே சென்றார் அக்பர். பின்னர் 1575 அளவில் ஆக்ரா – அஜ்மீர் சாலையில் கோஸுக்கு ஒரு தூண் எழுப்பப்பட்டது. வேட்டையில் வீழ்ந்த மான்களின் கொம்புகளும் அத்தூண்களில் பதிக்கப்பட்டன.

இதனை அவர் அவையிலிருந்த வரலாற்றாசிரியர் பதாயூனி பாராட்டவில்லை. இவற்றுக்கு மாறாகச் சோலைகளையோ சராய்களையோ அமைக்க மன்னர் ஆணையிட்டிருக்கலாகாதா என்று தம் நூலில் ஏங்குகிறார். இவ்வேக்கத்துக்குள் ஒரு வினா மறைந்திருக்கிறது. சாலையோரத்தில் எழும் சின்னம் யாருக்காக? ஆள்வோரின் புகழுக்காகவா, களைத்து வருவோரின் நலத்துக்காகவா?

அக்பருக்கு முன்பே 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா, இவ்வினாவுக்குச் செயலால் விடை கூறியிருந்தார். இரண்டு கோஸுக்கு ஒரு சராய் கட்டி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தங்குமிடமும் குடிநீரும் கிடைக்கச் செய்தார். சாலையின் இருமருங்கிலும் நிழல் மரங்களை நடச் செய்தார். அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர், 1619இல் ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோஸுக்கு ஒரு தூணும், மூன்று கோஸுக்கு ஒரு கிணறும் அமைக்க ஆணையிட்டார். தூண் வழியைக் காட்டிற்று. கிணறு தாகத்தைத் தீர்த்தது. இரண்டும் இணைந்தபோதே சாலை நிறைவு பெற்றது எனலாம்.

சாலை விலகியது, தூண் நின்றது

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 110 கோஸ் மினார்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் 49 ஹரியானா மாநிலத்தில் உள்ளன. தில்லி விலங்குக் காட்சிசாலைக்குள்ளும் ஒன்று நிற்கிறது. சில வயல்களின் நடுவிலும், சில குடியிருப்புகளுக்கு இடையிலும் அகப்பட்டிருக்கின்றன. பழைய பாதை இடம் மாறிய பின்னும் தூண்கள் இடம் மாறவில்லை. ஆதலால், பழஞ்சாலை எவ்வழியே சென்றது என்று ஆராய்வோருக்கு அவையே சான்றுகளாகின்றன.

மற்றொரு சிறப்பும் உண்டு. இத்தூண்களில் பெரும்பாலும் எழுத்து எதுவும் இல்லை. எண்ணத் தெரிந்தவர் எவரும் கடந்த தொலைவை அறிந்துகொள்ளலாம். எந்த மொழியினரும் அவற்றுக்கு அயலார் அல்லர்.

தமிழகத்துச் சான்று

எழுத்தறியாதாரை எண்ணிப் பார்த்த இப்பண்பு தமிழகத்துக்கும் புதியதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல் தாவளம் என்னும் ஊருக்குள்ள தொலைவைக் காத அளவில் எழுத்தால் கூறுகிறது. அத்துடன் நில்லாமல், அதே எண்ணைப் பத்துக்குப் பெருங்குழியும் ஒன்றுக்குச் சிறுகுழியுமாகக் கல்லில் குடைந்தும் காட்டுகிறது. படிக்கத் தெரியாதவர் குழிகளை எண்ணித் தெளிந்தனர். வண்டிகள் பெருகாத காலத்தில் தலைச்சுமையை இறக்கி வைக்க, கருவுற்ற நிலையில் இறந்த பெண்டிர் நினைவாக நம் சிற்றூர்களில் நாட்டப்பட்ட சுமைதாங்கிக் கற்களும் இவ்வறத்தின் வழிவந்தவையே.

நம் கடமை

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஜக்காத் பெற உரியோர் எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. முகமறியாத ஒருவருக்குச் செய்யும் உதவி, கைம்மாறு கருதாத உதவியாகும்.

சாலைகள் அகலமாகும்போது சுமைதாங்கிகளும் பழைய மைல்கற்களும் பெயர்த்தெறியப்படுகின்றன. சாலை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், பெயர்க்கப்படும் கல்லைச் சில அடி தள்ளியேனும் நாட்டலாமே! விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், தம் ஊர்ச் சாலையோரத்தில் உள்ள கற்களைப் படமெடுத்து, அவற்றைப் பற்றி முதியோர் கூறுவதை எழுதி வைப்பார்களாயின், அதுவும் ஒரு நற்பணியாகும். வழிப்போக்கருக்காக நின்றவற்றை வழியில் செல்லும் நாமே காவாவிடில், வேறு யார் காப்பர்?