தேடினால் கிடைக்காத எட்டியாந்தோட்டை

கூடலூரிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன குடும்பம். அவருடைய அப்பா எட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டியவர். "தம்பி, உங்க தளத்துல எங்க ஊரைத் தேடினேன். ஒண்ணுமே இல்லைன்னு வருதே?" என்றார். இல்லாமல் என்ன, ஒன்பது பக்கங்களில் இருந்தது. அவர் 'எட்டியாந்தோட்டை ரப்பர்' என்று அடித்திருக்கிறார். ஒன்பது பக்கங்களிலும் நாங்கள் 'இறப்பர்' என்று எழுதியிருந்தோம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைப் பற்றிய பத்திரிகை நறுக்குகள், பள்ளிக்கூட மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், வயதானவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள் என்று நண்பர்கள் சிலர் சேர்த்து வைத்த சின்ன இணையத்தளம் அது. அறுநூறு பக்கம்கூடத் தேறாது. அதில் தேடல் பெட்டி ஒன்றைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் மாதக்கணக்கானது.

தேடல் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்குவது எளிது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை நிற்கிறார். கையில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு. ஆளைப் பார்த்து அவர் முடிவெடுப்பதில்லை, புத்தகத்தில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் அன்றைய வேலைக்குப் பேர் போடுவார். தேடல் மென்பொருளும் அப்படித்தான். நாம் தேடுகிற நேரத்தில் அது ஒரு பக்கத்தையும் வாசிப்பதில்லை. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு கட்டி வைத்துவிடுகிறது. நல்ல உரைநூல்களின் கடைசியில் இருக்குமே, அதே சொல்லடைவுதான். தேடும்போது அந்தப் புத்தகத்தை மட்டும் புரட்டுகிறது. அதில் 'இறப்பர்' என்ற பெயர் பதிந்திருக்க, 'ரப்பர்' என்று வந்து நிற்கிற ஆளுக்கு அரைப்பேர்கூடக் கிடைக்காது.

பெரிய தளங்கள் இதற்கு லூசீன் என்ற கருவியை நம்புகின்றன. டக் கட்டிங் என்பவர் 1999இல் எழுதியது. சோலர், எலாஸ்டிக்சேர்ச் இரண்டும் அதன் மேல் எழும்பிய கட்டடங்கள். அறுநூறு பக்கத்துக்கு அவற்றை வைப்பது தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்துக்கு ஒரு ஃபக்டரி கட்டுவதைப் போல. சேர்வர் வாடகையே நம்மை விழுங்கிவிடும். சின்னத் தளத்துக்கு இரண்டு வழிகள் போதும். ஒன்று, சொல்லடைவை ஒரு கோப்பாக்கி வாசகரின் போனுக்கே அனுப்பிவிடுவது. லூனர் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அங்கேயே தேடித் தந்துவிடும். மற்றது, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்குள் இருக்கும் எஃப்.டி.எஸ். 5 என்ற தேடல் பகுதி. இலவசம், ஒரே கோப்பு, ஆளில்லாமல் ஓடும்.

முதலில் லூனரைத்தான் போட்டோம். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் வந்தன, தமிழில் ஒன்றுகூட வரவில்லை. சொல்லின் இரு முனையிலும் ஒட்டியிருக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளைச் சீவி எறிய அதில் ஒரு சிறு பகுதி உண்டு. எழுத்து அல்லாத எல்லாவற்றையும் அது சீவும். அந்தப் பகுதியின் கணக்கில் எழுத்து என்றால் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும்தான். ஆகவே 'கங்காணி' முழுவதையும் குப்பை என்று சீவி, சொல்லடைவில் எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளுக்கான துணைக்கோப்புகள் பிற்பாடு வந்துவிட்டன. அவற்றைச் சேர்த்தால் இது தீரும். ஆனால் சொல்லடைவுக் கோப்பு பெரிதாகப் பெரிதாக, சிக்னல் ஒரு கோடு காட்டுகிற மலைச்சரிவில் நிற்பவருக்குப் பெட்டி திறக்கவே நேரமெடுத்தது. எஸ்கியூலைட்டுக்கு மாறினோம்.

இங்கே வந்த கோளாறு லூனரைவிடச் சுவையானது. 'மலை' என்று தேடினேன். மலை வந்தது, கூடவே கூட்டுறவுக் கடையின் 'மலிவு விற்பனை' அறிவித்தலும் வந்தது. 'தேயிலை' என்று தேடினேன். தேயிலை வந்தது, அதோடு ஒரு பழைய பள்ளிக்கூட மலரில் 'தாயில்லை' என்று தொடங்கும் கதையும் வந்தது. தேடியது கிடைத்துவிடுவதால் இந்தக் கோளாறு பலர் கண்ணில் படுவதேயில்லை. தேடாததும் ஏன் வருகிறது என்று யாராவது குடைந்தால்தான் பிடிபடும்.

'மலையகம்' என்ற சொல்லை நாம் ஐந்து எழுத்தாகப் படிக்கிறோம்: ம, லை, ய, க, ம். கணினிக்குள் அது ஏழு குறியீடுகள். லகரம் தனி, அதன் ஐகாரக் குறி தனி. கடைசி மகரம் தனி, அதன் மேல் புள்ளி தனி. யூனிக்கோடு முறையில் மகரமும் லகரமும் 'எழுத்து' என்ற வகுப்பிலும், ஐகாரக் குறியும் புள்ளியும் 'சேர்குறி' என்ற வகுப்பிலும் இருக்கின்றன. எஃப்.டி.எஸ். 5 இன் இயல்பான அமைப்போ எழுத்தும் எண்ணும் மட்டும்தான் சொல்லுக்குள் இருக்கலாம் என்று நம்புகிறது. சேர்குறி வந்தவுடன் 'சொல் முடிந்தது' என்று வெட்டிவிடும். அதனால் சொல்லடைவில் மலையகம் என்ற சொல்லே கிடையாது. 'மல' என்று ஒரு துண்டு, 'யகம' என்று ஒரு துண்டு. மலையும் மலிவும் ஒரே 'மல' ஆகிவிட்டன. தேயிலை 'த, ய, ல' ஆனது; தாயில்லை 'த, ய, ல, ல'. இயந்திரத்தின் கண்ணில் இரண்டும் பங்காளிகள்.

மருந்து ஒரே வரி. சேர்குறிகளும் சொல்லின் பாகம்தான் என்று அமைப்பில் எழுதிவிட வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சேர்குறிகளில் இரண்டு வகை உண்டு: வரியில் தனக்கென்று இடம் பிடிப்பவை, பிடிக்காதவை. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை. கால், கொம்பு, ஐகாரக் குறி, உகரக் குறி எல்லாம் இடம் பிடிக்கும் வகை. கையேட்டில் பார்த்து இடம் பிடிக்காத வகையை மட்டும் சேர்த்தேன். பாதிச் சொற்கள் ஒட்டிக்கொண்டன, மீதி உடைந்தபடியே கிடந்தன. ஒரு ராத்திரி முழுக்க அதில் போனது. இரண்டு வகையையும் சேர்த்தபிறகுதான் மலிவு விற்பனை ஒழிந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை: அமைப்பை மாற்றினால் போதாது, சொல்லடைவைத் திரும்பவும் கட்ட வேண்டும். பழைய செக்ரோலை வைத்துக்கொண்டு புதிய சட்டத்தில் பேர் போட முடியாது. 'எல்லாம் திருத்தியும் வேலை செய்யவில்லையே' என்று தலையில் கை வைக்கும் நேரங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். உலாவியின் நினைவகத்தில் பழைய கோப்பு தங்கியிருப்பது அடுத்த காரணம்.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால் 'கொழுந்து' வந்து நின்றது. சில பக்கங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே கொழுந்துதான். ஆனால் 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டும் சமம் என்று யூனிக்கோடு விதியே சொல்கிறது, சொல்லடைவுக்குத்தான் அது தெரியாது. உள்ளே போகிற எழுத்தையும் தேட வருகிற எழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீராக்கம் பல கணினி மொழிகளில் ஓர் ஆணைதான். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் செய்தால் இருந்ததும் கெடும். கொம்புக்குப் பக்கத்தில் ளகரத்தை அடித்து ஔகாரம் ஆக்குகிறவர்களை எந்தச் சீராக்கமும் காப்பாற்றாது. அதற்குக் கைவேலைதான்.

பழைய பக்கங்களில் ஒரு பங்கு பாமினி எழுத்துருவில் வந்தவை. இலங்கையில் துண்டுப்பிரசுரம் அடித்த யாருக்கும் பாமினியைத் தெரியும். அது தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் முதுகில் ஏற்றிய முறை. அதில் அடித்த 'தோட்டம்' கணினியைப் பொறுத்தவரை என், ஜே, எச், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி. இதைத் தமிழ் என்று எந்தத் தேடல் நம்பும்? எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிக்கோடாக்கிய பிறகே சொல்லடைவுக்குள் விட வேண்டும்.

ஸ்கேன் செய்த படங்கள் இன்னும் மோசம். அவற்றில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து, மலையக நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவரும் நூலகம் தளத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும்: நூலின் பெயரும் ஆசிரியரும் உடனே கிடைக்கும், உள்ளே இருக்கிற ஒரு வரியைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை. டெஸரக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் படத்தை எழுத்தாக்கித் தரும், தமிழும் படிக்கும். ஆனால் ரகரத்தையும் காலையும் மாற்றிப் படித்துவிடும். மங்கிய அச்சில் புள்ளியை விட்டுவிடும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய அச்சுகளில் 'லை' என்ற எழுத்துக்கு யானைத் தும்பிக்கை போல வளைந்த தனி உருவம் இருந்தது. நமது கெட்ட நேரம், நாம் அதிகம் தேடுகிற மலையகம், தேயிலை இரண்டிலும் அதே லை இருக்கிறது.

இனி இலக்கணம். 'தோட்டம்' என்று தேடுகிறவருக்குத் தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டத்தின் எல்லாம் வேண்டும். மகர மெய் போய் 'அத்து' வந்து குந்திக்கொள்வதால் முழுச் சொல்லாகப் பார்க்கிற இயந்திரத்துக்கு இவை வேறு வேறு ஆட்கள். விகுதியை வெட்டி வேரைப் பிடிக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஸ்னோபால் என்ற தொகுப்பில் தமிழும் உண்டு. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து அந்தத் தரவுத்தளத்துக்குள்ளேயே கிடைக்கிறது. எங்களுக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. 'தோட்ட' என்று தொடங்கும் எதுவும் வரட்டும் என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டால் முக்கால் பங்கு சரியாகிறது. 'தேயிலைத்தோட்டம்' என்று ஒட்டி எழுதியிருந்தால் அது தப்பிப் போகும். அதைப் பிடிக்க மும்மூன்று குறியீடாக நறுக்கிச் சேர்க்கும் முறை ஒன்று 2020 டிசம்பரில் எஸ்கியூலைட்டுக்கு வந்தது. போட்டுப் பார்த்தோம். 'தோட்ட' என்றதும் எட்டியாந்தோட்டை நகரத்தின் பஸ் நேரமெல்லாம் வந்து விழுந்தது. எடுத்துவிட்டோம்.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்ற கணக்குக்கு கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1972இல் எழுதிய ஒரு கட்டுரை அடிப்படை. எல்லாப் பக்கத்திலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். எங்கள் தளத்தில் 'தோட்டம்' ஏறக்குறைய உப்பு மாதிரி, எதிலும் இருக்கும். 'இறக்குவானை' அப்படியல்ல. இரண்டையும் சேர்த்துத் தேடினால் இறக்குவானைதான் தராசை இழுக்கும். இதில் நாம் கை வைக்க வேண்டியதில்லை, மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

நாம் கை வைக்க வேண்டிய இடம் பெயர்கள். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய விதியை இலங்கைத் தமிழ் இன்னும் மதிக்கிறது. அதனால் இரத்தினபுரி, இறப்பர், இறக்குவானை. பேச்சிலும் தமிழ்நாட்டு எழுத்திலும் பெரும்பாலும் அந்த இகரம் இல்லை. சிங்களப் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதுகிறவர் 'ரத்னபுர' என்பார். மாகாணத்தின் பெயரே சப்ரகமுவ, சபரகமுவ என்று இரண்டு விதமாக ஓடுகிறது. எட்டியாந்தோட்டைக்கு யட்டியாந்தோட்டை என்றொரு வடிவும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது தேடல் பெட்டியின் வேலையல்ல. ஒரே பொருளுள்ள வடிவங்களை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தால், ஒன்றைத் தேடும்போது மற்றதையும் சேர்த்துத் தேடும். அளவு தெரிந்து எழுத வேண்டும். 'தொரை'க்குத் 'துரை'யைச் சேர்த்தேன். தோட்டத்துரைகளோடு துரைராஜ், துரைசாமி என்று ஊரிலுள்ள அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அந்த வரியை அழித்தாயிற்று.

இந்தக் கோப்புக்குச் சொற்களை நான் யோசித்து எழுதுவதில்லை. வெறுங்கையோடு திரும்பிய தேடல்களை மட்டும் மென்பொருள் குறித்துவைக்கும்படி செய்திருக்கிறோம். யார் தேடினார் என்று எழுதாது, என்ன தேடினார் என்று மட்டும். தேடல் பெட்டி வைக்கிற யாரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. நாங்கள் அந்த கோல் வந்த பிறகுதான் செய்தோம். கூடலூர்க்காரருக்கு ஒன்பது பக்கங்களும் கிடைத்துவிட்டன. "அந்த ஆத்துப் பாலத்துப் படம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். படம் இருந்தது, அதற்குத் தலைப்பு எழுதாமல் விட்டிருந்தோம்.

நேற்று வந்த பட்டியலில் மூன்று வரிகள்: 'லயக்காமிரா', 'லயன் காம்பரா', 'லைன் ரூம்'. மூன்றையும் ஒரே வரியில் எழுதி, சொல்லடைவைத் திரும்பக் கட்ட விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.