எந்த நேவி?

காரைக்கால் மீனவக் கிராமங்களில் ‘நேவி’ என்று மொட்டையாகச் சொன்னால் அது இலங்கைக் கடற்படையைத்தான் குறிக்கும். “நேவி புடிச்சிட்டான்” என்று கரைக்கு ஒரு போன் வந்தால், எந்த நாட்டு நேவி என்று யாரும் கேட்பதில்லை. 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் விசைப்படகு ஒன்றின் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. படகில் இருந்த 13 பேரும் பிடிபட்டார்கள். அவர்களில் இருவருக்குப் பலத்த காயம். டெல்லியில் இலங்கைத் தூதரக அதிகாரியை அழைத்து இந்தியா கண்டனம் தெரிவித்தது.

அதே கரையில், கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் அறிமுகமாகிறது. அது என்.சி.சி. கடற்பிரிவின் வெள்ளை உடுப்பு.

கடல் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது

நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது காரைக்கால். சாலை வழியே போனால் அதன் யூனியன் பிரதேசத் தலைநகரான புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல். காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் கப்பலேறி வாணிகம் போனதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. பிறகு பிரெஞ்சுக்காரர்களின் துறைமுகமாகவும் இருந்தது. இன்று அரசலாற்று முகத்தில் மீன்பிடித் துறைமுகம், கீழவாஞ்சூரில் சரக்குத் துறைமுகம், நகரில் இந்தியக் கடலோரக் காவல்படையின் நிலையம் எல்லாம் உண்டு. படிப்புக்கும் குறைவில்லை. 2010-ல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இருக்கிறது. அறிஞர் அண்ணா, அவ்வையார் பெயரிலான அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆனால் கடல் தெரிந்த பிள்ளைக்கும் கடற்படை அதிகாரியின் தோள்பட்டைக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. அதில் பெரும்பகுதி வகுப்பறையில்தான் கடக்க வேண்டியது.

பழைய முடிச்சு, புதுப் பெயர்

என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை 1948-ல் தொடங்கியது. அதில் கடற்பிரிவு சேர்ந்தது 1952-ல். அணிவகுப்பு எல்லாப் பிரிவுக்கும் பொது. கடற்பிரிவுக்கென்று உள்ளவை வேறு: துடுப்பு வலித்தல், பாய் கட்டி ஓட்டுதல், கயிற்று முடிச்சுகள், கையில் கொடி பிடித்துச் செய்தி சொல்லும் செமஃபோர், கப்பல் மாதிரி செய்தல், போர்க்கப்பலில் சில நாள் தங்கிப் பழகுதல். பயிற்சிப் படகுக்கு ‘வேலர்’ என்று பெயர். 27 அடி நீளம், ஐந்து துடுப்பு, தேவைப்பட்டால் பாய்மரம். ஒரு துடுப்பு தாளம் தப்பினால் படகு முழுக்கத் தடுமாறும்.

அப்பாவோடு கடலுக்குப் போய் வந்த பிள்ளைக்கு இதில் பாதி முன்பே தெரிந்த விஷயம். கச்சான் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும், கலங்கிய தண்ணீர் எதைச் சொல்கிறது என்பதற்கெல்லாம் அவனுக்குப் பாடம் தேவையில்லை. வலைக்கயிற்றில் தினமும் போட்ட முடிச்சுக்கு இங்கே ‘போலைன்’ என்று பெயர் சொல்லும்போது ஒரு சிரிப்பு வரும். அவனைத் திணறடிப்பது மொழிதான். அணிவகுப்புக் கட்டளை இந்தியில், பாடநூல் ஆங்கிலத்தில். தமிழில் கைவசமுள்ள அறிவை இரண்டு அயல்மொழிகளில் மறுபடி கற்கிறான். உள்ளூரில் படிக்க வந்த நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் கைகொடுக்கும், அலைதான் புதிது. ஒரே வேலரில் இருவரும் அமர்ந்து வலிக்கும்போது ஆளுக்குப் பாதி கற்றுக்கொள்கிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குக் கடல் வழியாகவே பாய்மரப் படகில் வந்து திரும்பும் சாகசப் பயணத்தையும் கடற்பிரிவு மாணவர்கள் அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டிருக்கிறார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி என்று ஒவ்வொரு ஊரும் கடல் பக்கமிருந்து எப்படித் தெரியும் என்பதைப் பேருந்தில் போகிறவர் அறிய மாட்டார். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த டேனிஷ் கோட்டை அப்போது கரையை அடையாளம் காட்டும் குறியாக மாறிவிடுகிறது.

மற்ற நாடுகளில்

பல்கலைக்கழகத்திலேயே கடற்படை அதிகாரியை உருவாக்கலாம் என்ற யோசனைக்கு நூறு வயதாகிறது. அமெரிக்கா 1926-ல் ஹார்வர்ட், யேல், பெர்க்லி உள்ளிட்ட ஆறு பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கியது. அங்கே மாணவர் தம் பட்டப்படிப்போடு கடற்படைப் பாடங்களையும் படிக்கிறார். பட்டம் வாங்கும்போதே அதிகாரி ஆகிவிடலாம். படிப்புச் செலவை ஏற்ற கடற்படைக்குச் சில ஆண்டுகள் பணியாற்றியாக வேண்டும். பிரிட்டனில் 1967-ல் அபர்டீனில் தொடங்கிய பல்கலைக்கழகக் கடற்படைப் பிரிவுகள் வேறு மாதிரி. பயிற்சிக் கப்பலில் அழைத்துப் போவார்கள். படையில் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் என்.சி.சி. பிரிட்டன் முறைக்கு நெருக்கமானது. கட்டாயம் இல்லை, தானாகப் பதவியும் கிடைக்காது. ஆனாலும் அது தரும் ‘சி’ சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் அண்மைக்கால அறிவிப்புகள் சிலவற்றில் கடற்படை அகாடமிக்கான 32 இடங்களில் 6 இடங்கள் கடற்பிரிவு ‘சி’ சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் எழுத்துத் தேர்வு எழுத வேண்டியதில்லை, நேரே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம். ஆனால் பொறியியல் பட்டம் வேண்டும். என்.சி.சி.யை 24 கிரெடிட் கொண்ட விருப்பப் பாடமாக எடுக்கவும் 2021-ல் யு.ஜி.சி. வழி செய்தது.

தமிழில் திறக்கும் கதவு

பிளஸ் டூ முடித்தவர் கடற்படை அதிகாரியாக இரண்டு வழிகள். ஒன்று, என்.டி.ஏ. தேர்வு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும். இன்னொன்று, கடற்படையின் பி.டெக். நுழைவு. இதற்குத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது. ஜே.இ.இ. மெயின் தரவரிசையை வைத்து எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். 2021 முதல் ஜே.இ.இ. மெயினைத் தமிழிலும் எழுதலாம்! இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 70 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் இருந்தால் போதும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கனவுக்காக எழுதும் தேர்வே கடற்படைக்கும் வழிவிடுகிறது என்பது இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டிய செய்தி.

பி.டெக். நுழைவில் தேர்வானவர் படிக்கப்போவது கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள ஏழிமலையில். சங்கப் பாடல்கள் நன்னனின் மலையாகச் சொல்லும் அதே ஏழில்மலை. 2009 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்ட கடற்படை அகாடமியில் நான்காண்டு பி.டெக். படிப்பு, பட்டம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடையது. உணவு, உடை, புத்தகம் உட்படச் செலவு முழுவதும் கடற்படையுடையது. பிறகு கொச்சியிலுள்ள பயிற்சிக் கப்பல்களில் கடற்பயிற்சி.

நடுவில் நிற்கிற கண்டம் எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துத் தடையைக் குழுவாகத் தாண்டச் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து இன்றுவரை உன் கதை என்ன என்று கேட்பார்கள். இதில் மதிப்பெண் பேச்சுக்கு மட்டும் இல்லை. நெருக்கடியில் கை எதைச் செய்கிறது என்றும் பார்க்கிறார்கள். அலையில் படகு தள்ளிப் பழகியவருக்கு அது கைவந்த வேலை. ஆனால் செய்ததை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவோடு ‘தாரிணி’ பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் புறப்பட்டு 2025 மே 29-ல் அங்கேயே திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். கப்பலில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்.

யார் மேல்தளத்தில்?

சம்பளம், மரியாதை, நாட்டுப்பணி எல்லாம் சரி. காவிரி டெல்டா கரைக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. 2022 அக்டோபரில் பாக் விரிகுடாவில் இந்தியக் கடற்படையின் ரோந்துக் கப்பலே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. ‘நேவி’ என்ற சொல்லின் அச்சம் அன்று இன்னொரு கொடிக்கும் பரவியது.

வலை நீரில் கிடக்கும்போது விசைப்படகு சட்டென்று நிற்காது, திரும்பாது. என்ஜின் இரைச்சலில் ஒலிபெருக்கி எளிதில் காதில் ஏறாது. இருட்டில் ரோந்துக் கப்பலிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு விளக்கு. கடத்தல் படகாகவும் இருக்கலாம், கிளிஞ்சல்மேட்டு மீனவரின் படகாகவும் இருக்கலாம். அந்த விளக்கு ஆடுகிற விதத்தை வைத்தே “வலை இழுக்கிறாங்க சார், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் மேல்தளத்தில் நிற்க வேண்டும். அந்த ஆளைத்தான் இந்தக் கல்லூரிகள் அனுப்ப வேண்டியிருக்கிறது.