வால்வை மாற்றுமுன்...

வீட்டு வானொலிப் பெட்டிகளில் வால்வுகள் இடம்பெறாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் கிதார் கலைஞர்களும் இசைத்தட்டுப் பிரியர்களும் அவற்றை இன்னும் விட்டபாடில்லை. சுலோவாக்கியா, ரஷியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. பழைய மைக்செட் சாமான்களோடு வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று கைக்குக் கிடைத்தால், ஓய்ந்துபோன வால்வைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். சாக்கெட்டில் சரியாகப் பொருந்துகிற வால்வெல்லாம் அந்த இடத்துக்கு உரிய வால்வுதானா? இல்லை. ஏன் என்று காண்போம்.

முதலில் உயிர் பற்றிய செய்தி. பிளக்கைப் பிடுங்கியதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். 100 மைக்ரோபாரடு மின்தேக்கி 450 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றலைத் தேக்குகிறது. உயிரைப் பறிக்க அது போதும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம் மின்தடை இருந்தால் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு இறங்க 100 விநாடி ஆகும். அந்தத் தடை அறுந்திருந்தால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே அடித்தட்டைத் திறந்ததும், காப்பிட்ட கம்பிகளில் இணைத்த 2.2 கிலோ ஓம், 10 வாட் மின்தடையை மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில விநாடி வைத்து மின்னூட்டத்தை வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். திருப்புளியால் 'படார்' என்று குறுக்கிணைப்பது சிலருக்கு வீரமாகத் தோன்றலாம். மின்தேக்கிக்கும் கண்ணுக்கும் அது நல்லதன்று.

இனி வால்வுக்குள் செல்வோம். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழின் நடுவே கேதோடு இருக்கிறது. ஹீட்டர் என்னும் இழை அதைச் சூடாக்க, அது எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றியுள்ள பிளேட் என்னும் நேர்மின்வாய் அவற்றை ஈர்க்கிறது. இடையில் உள்ள கிரிட் என்னும் கம்பிச் சுருள், குழாயின் திருகைப் போல அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இந்தச் சுருளை 1906-இல் புகுத்தியவர் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட்.

6எல்6 ஜி.சி., இ.எல்.34 என்ற இரண்டு வால்வுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் எட்டு ஊசிச் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். இரண்டின் ஹீட்டருக்கும் 6.3 வோல்ட்தான். ஆனால் முன்னது 0.9 ஆம்பியர் இழுக்கும், பின்னது 1.5 ஆம்பியர். ஒரு ஜோடியை மாற்றினால் டிரான்ஸ்பார்மர் மீது 1.2 ஆம்பியர் கூடுதல் சுமை விழுகிறது. அதைத் தாங்கும்படி அது சுற்றப்பட்டிருக்கிறதா? தெரியாமல் செருகினால் கருகப்போவது வால்வு அன்று, அதைவிட விலை கூடிய டிரான்ஸ்பார்மர். மேலும் இ.எல்.34-இன் முதல் ஊசியில் மூன்றாவது கிரிட் இருக்கிறது. அதை எட்டாம் ஊசியில் உள்ள கேதோடுடன் இணைத்தாக வேண்டும். 6எல்6 ஜி.சி.-யில் முதல் ஊசிக்கு வேலையே இல்லை. வேலையில்லாத ஊசிதானே என்று ஆம்ப்ளிபயர் செய்தவர் அந்தச் சாக்கெட் முனையில் வேறு ஏதேனும் மின்தடையைப் பற்றவைத்திருக்கவும் கூடும்!

சிறிய வால்வுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. இ.சி.சி.83-ம் அமெரிக்கர் 12ஏ.எக்ஸ்.7 என்பதும் ஒன்றே, தாராளமாக மாற்றலாம். இ.சி.சி.82-க்கும் அதே ஊசி அமைப்புதான். ஆனால் பெருக்கக் காரணி 100-இலிருந்து 20-க்கும் கீழே போய்விடுவதால் ஒலி குன்றும்; வேறு கேடு பெரும்பாலும் இல்லை. இ.சி.சி.88-ஐ மட்டும் அங்கே செருகாதீர்கள். ஹீட்டர் இணைப்பு வேறு. அதன் பிளேட் தாங்கும் மின்னழுத்தமும் 130 வோல்ட்தான்.

ஒரே பெயருள்ள புதிய வால்வைப் போட்டாலும், வெளியீட்டு வால்வானால் 'பயாஸ்' பார்க்க வேண்டும். கிரிட்டுக்குத் தரும் எதிர் மின்னழுத்தமே பயாஸ். அது குறைந்தால் பிளேட் மின்னோட்டம் மிகும். பல ஆம்ப்ளிபயர்களில் கேதோடின் கீழே 10 ஓம் மின்தடை இருக்கும். அதன் குறுக்கே 0.4 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர். பிளேட்டில் 420 வோல்ட் இருந்தால் 420 × 0.04, அதாவது 16.8 வாட். இ.எல்.34-இன் பிளேட் 25 வாட் வரை தாங்கும். ஓய்வு நிலையில் அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது. இங்கே 67 விழுக்காடுதான். மின்சாரத்தை நிறுத்திய நிலையிலேயே மீட்டரின் கிளிப்புகளை மாட்டிவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டு அளவைப் படியுங்கள். அந்நேரம் உள்ளே கை போகக் கூடாது.

வால்வு ஆறிய பிறகே கழற்றுங்கள். எட்டு ஊசி வால்வானால் கண்ணாடியைத் திருகாமல் அடிப்பாகத்தைப் பிடித்து மெல்ல அசைத்து இழுக்க வேண்டும். குமிழின் உட்புறத்தில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு பயன்படாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு உடையலாம். புதிய வால்வைப் போட்டதும் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கவனியுங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. வெளிப் பிளேட்டே சிவக்கத் தொடங்கினால், காரணத்தைப் பிறகு ஆராயலாம். முதலில் சுவிட்சை அணையுங்கள்.