700-க்கு மேல் கேள்விக்குறி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 காலை அதன் இரண்டாவது உலையில், எரிபொருளின் உச்சியில் எவ்வளவு சூடு என்று கணினியிடம் கேட்டார்கள். பல இடங்களில் எண்ணே வரவில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகளை அடித்துத் தள்ளியது பிரிண்டர். கணினியில் கோளாறு எதுவும் இல்லை. 700 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 371 செல்சியஸுக்கு மேல், எது வந்தாலும் கேள்விக்குறி போடு என்றுதான் அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அப்படி வரம்பு வைத்தவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வழக்கமான நாட்களில் அந்த உலையை விட்டு வெளியேறும் தண்ணீரின் சூடு 320 செல்சியஸை ஒட்டியே இருக்கும். 177 எரிபொருள் கட்டுகளில் 52-இன் தலைமாட்டில் சூட்டை அளக்க இருந்த தெர்மோகப்பிள்களும் விபத்தை நினைத்து வைத்தவை அல்ல. சாதாரண ஓட்டத்தில் உலை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வைத்தவை.

அன்று அதிகாலை 4 மணிக்கு நீரூட்டும் பம்புகள் நின்றன. உலையும் தானாக அணைந்தது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மறுபடி மூடவில்லை. மூடச்சொல்லி உத்தரவு போனதைக் காட்டும் விளக்கைப் பார்த்து, வால்வே மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். 6.22-க்கு வேறொரு வால்வால் அந்த வழியை அடைக்கும்வரை தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணைந்த பிறகும் எரிபொருள் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். உலைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று நேரடியாகக் காட்ட ஒரு கருவியும் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு மீட்டர். உலையிலிருந்து வெளியே போகும் குழாயின் சூடு, உள்ளே வரும் குழாயின் சூடு, இரண்டின் சராசரி ஆகியவற்றை ஆபரேட்டர்கள் பார்ப்பார்கள். கருவிகளின் அளவுகோல் 520 பாரன்ஹீட்டிலிருந்து 620 வரைதான். அன்று வெளிக்குழாய் 620-ஐத் தாண்டிப் போனது, உள்குழாய் 520-க்குக் கீழே இறங்கியது. இரண்டும் அளவுகோலின் இரு முனைகளில் ஒட்டிக்கொண்டன. சராசரி எவ்வளவு? 570. அசையாமல் 570. உலை அமைதியாக இருப்பதுபோல் ஓர் எண்!

இதற்கிடையே சில டெக்னீஷியன்கள் கணினியை ஒதுக்கிவிட்டு, தெர்மோகப்பிள் கம்பிகளிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவு இது. அங்கே இருந்த குரோமல்-அலுமல் ஜோடி டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தரும். ஆகவே ஒரு மில்லிவோல்ட் மீட்டரும் ஓர் அட்டவணையும் போதும். சில கம்பிகள் 200 பாரன்ஹீட்டை ஒட்டிக் காட்டின. சில 2,000-ஐத் தாண்டின. அதாவது 1,100 செல்சியஸ்.

அதை மேலிடத்தில் யாரும் நம்பவில்லை. 200 இருக்கவே முடியாது, ஆகவே 2,000-உம் பொய்தான் என்று ஒதுக்கிவிட்டார்கள். சந்தேகத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடும் சூட்டில் கம்பிகளின் காப்பு உருகி நடுவழியில் ஒன்றோடொன்று ஒட்டினால், எரிபொருளின் சூட்டைக் காட்டாமல் ஒட்டிய இடத்தின் சூட்டையே காட்டும். ஆனால் அப்படி உருகுவதற்கே அங்கே எவ்வளவு சூடு வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கலாம். மதியம் 1.50-க்கு உலைக் கட்டடத்துக்குள் ஹைட்ரஜன் வெடித்து அழுத்தம் ஒரு கணம் எகிறியது. எரிபொருளைப் போர்த்தியிருக்கும் ஜிர்கோனியம் உறை 1,200 செல்சியஸ் வாக்கில் நீராவியோடு வேகமாக வினைபுரிந்தால் வரும் வாயு அது. அந்த அழுத்த எகிறலையும் அன்று அலட்சியம் செய்தார்கள்.

1982 ஜூலையில் உலைக்குள் கேமராவை இறக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. எரிபொருள் இருக்கவேண்டிய இடத்தின் மேற்புறத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வெறுமை. அதற்குக் கீழே இடிபாடு. எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியிருந்தது. அதில் 20 டன்னை ஒட்டி வழிந்து, உலையின் எஃகுக் கலத்தின் அடியில் போய் உறைந்திருந்தது.

அடிப்பகுதி எவ்வளவு சூடாகியிருக்கும்? அங்கே அளக்கும் கருவி ஏதும் மிஞ்சவில்லை. எஃகுதான் மிச்சம். சூடேறி ஆறிய எஃகின் படிக அமைப்பில், எட்டிய வெப்பநிலையும் அதில் இருந்த நேரமும் பதிந்திருக்கும். 1990-இல் 13 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த அந்த அடிச்சுவரிலிருந்து 15 துண்டுகளை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள ஓர் இடம் அரை மணி நேரம் போல 1,100 செல்சியஸில் கிடந்திருக்கிறது. மாதிரிக் கணக்குகளோ, அந்தச் சூட்டுக்கும் அப்போதைய அழுத்தத்துக்கும் கலம் பிளந்திருக்க வேண்டும் என்றன. பிளக்கவில்லை. உறைந்த குழம்புக்கும் எஃகுக்கும் இடையிலான இடுக்குகளிலும் விரிசல்களிலும் தண்ணீர் புகுந்து குளிர்வித்திருக்கும் என்ற விளக்கம் அதன்பிறகே வந்தது. கணக்குகளில் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

விபத்துக்குப் பின் தெர்மோகப்பிள்களின் மதிப்பு உயர்ந்தது. அளவு வரம்பை வெகுவாக மேலே தள்ளினார்கள். இன்று பல உலைகளில், எரிபொருளின் உச்சியில் 650 செல்சியஸ் காட்டினால் வழக்கமான அவசரகால நடைமுறையை விட்டுக் கடும் விபத்துக்கான நடைமுறைக்கு மாற வேண்டும். ஆனால் ஜப்பானின் ரோசா ஆய்வுகளில், மின்சாரத்தால் சூடேற்றிய தண்டுகளை எரிபொருளின் இடத்தில் வைத்துப் பார்த்தபோது, உச்சியிலிருந்த தெர்மோகப்பிள்கள் தாமதமாகவே ஏறின. ஏறிய பிறகும் தண்டுகளின் சூட்டைவிடக் குறைவாகவே காட்டின. மேலே 650 என்றால் உள்ளே எவ்வளவு என்பதை இன்றும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.