கடைசிப் பொத்தான்

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்முறை சிகிச்சை என்றும் செயல்முறை சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். முதல் பெயரைக் கேட்டால், மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்கத் தோன்றும். இங்கே தொழில் என்பது பிழைப்பு அல்ல. பல் துலக்குவது, சட்டை மாட்டுவது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது, கழிப்பறையில் குந்தி உட்காருவது, எழுதுவது, விளையாடுவது என ஒரு நாளில் குழந்தை செய்தாக வேண்டிய காரியங்கள்தான் அதன் தொழில். இவற்றில் எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து அதை வரவழைப்பதே இந்தச் சிகிச்சை. பெற்றோர் வாயில் இது 'ஓ.டி.' என்று சுருங்கிவிட்டது.

பிசியோதெரபியும் இதுவும் ஒன்றல்ல. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை நிற்கவும் நடக்கவும் பழக்குவது முக்கியமாக பிசியோதெரபியின் வேலை. நின்றபடி கால்சட்டையை இடுப்புக்கு ஏற்றிக்கொள்ளக் கற்றுத்தருவது ஓ.டி.யின் வேலை. நடைமுறையில் இரண்டும் கொஞ்சம் கலந்தே நடக்கும்.

இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் மணமுடித்த கமலா நிம்ப்கர். தமிழ்நாட்டில் இந்தத் துறை வேரூன்றிய இடங்களில் முக்கியமானது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே தொழுநோயால் மடங்கிய கைகளை பால் பிராண்ட் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கை மறுபடி வேலை செய்யப் பழக வேண்டியிருந்தது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின் மருத்துவப் பணிக்குத் திரும்பிய மேரி வர்கீஸ், 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். வளர்ச்சி தாமதமான குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போளூர் வழியாகப் பேருந்தில் சி.எம்.சி.க்குப் போகும் தாய்மார்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதியவர்கள் அல்ல.

அவ்வளவு தூரம் போகுமுன் கேட்க வேண்டிய இடங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சியில் குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதுக் குழந்தைக்கு ஒன்றியந்தோறும் இருக்கும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உண்டு. ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து வாரந்தோறும் கீழே இறங்க முடியாத குடும்பம், வீட்டுவழிப் பயிற்சி கிடைக்குமா என்று அங்கே கேட்கலாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கினால் முத்திரை குத்தியதாகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தால் நட்டம்தான் அதிகம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 'நிரமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் சேரும். ஆனால் சான்றிதழ் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும். குழந்தை பிறந்ததும் அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள் இருந்தது, வலிப்பு வந்ததுண்டா, எப்போது உட்கார்ந்தது, என்ன சாப்பிடும், எதைத் தொட மறுக்கும் என்று தெரபிஸ்ட் கேட்பார். காது, கண் பரிசோதனை முடிந்துவிட்டதா என்பதும் முக்கியம். காது கேளாத குழந்தையைக் கவனமில்லாத குழந்தை என்று நினைத்துவிடுவது எளிது. கேட்டுக்கொண்டே குழந்தையையும் பார்த்தபடி இருப்பார். கீழே சிதறிய மணியை உள்ளங்கையால் வாரி எடுக்கிறதா, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கிறதா என்பது வெறும் விளையாட்டாகத் தெரியலாம். கிள்ளி எடுக்கும் பிடி ஒரு வயதை ஒட்டி வந்துவிடும். பிறகு பென்சிலைப் பிடிப்பதும் பொத்தான் போடுவதும் அதன்மேல்தான் நிற்கின்றன.

அடுத்து இலக்கு. என்ன வேண்டும் என்று கேட்டால், 'எல்லாப் பிள்ளைங்க மாதிரி ஆகணும்' என்பதே அநேகமாக முதல் பதில். அதை வைத்துக்கொண்டு தெரபிஸ்டால் எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதத்தில் தயிர்சாதத்தைச் சிந்தாமல் தானே சாப்பிட வேண்டும் என்று சொன்னால் வேலை நடக்கும். வந்ததா, இல்லையா என்று மூன்று மாதம் கழித்துப் பார்த்தும் சொல்லலாம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதற்குப் பள்ளிச் சீருடையின் பொத்தானை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பெரிய பொத்தான், தளர்ந்த துளை. சட்டை குழந்தையின் உடம்பில் இல்லாமல் மேசைமேல் கிடக்கும். துளைக்குள் பொத்தானை முக்கால்வாசி நுழைத்துவிட்டு, மிச்சத்தை இழுக்க மட்டும் குழந்தையிடம் விடுவார்கள். இழுத்தால் பொத்தான் மாட்டிக்கொள்ளும். காரியத்தை முடித்தது குழந்தைதான். சில நாளில் பாதி நுழைத்துக் கொடுப்பார்கள், பிறகு துளைக்கு நேராக வைத்து மட்டும் கொடுப்பார்கள். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு இப்படிப் பின்னோக்கிப் போவதால் ஒவ்வொரு முறையும் பயிற்சி வெற்றியில் முடிகிறது. செருப்பு வார், பள்ளிப்பை ஜிப் எல்லாவற்றுக்கும் இதே வழி.

ஒரு கை மட்டும் பலவீனமான குழந்தைக்கு வேறு உத்தி உண்டு. நல்ல கைக்கு தினமும் சிறிது நேரம் உறை மாட்டிவிடுவார்கள். பொம்மை வேண்டுமானால் சோம்பிக் கிடந்த கை வந்தாக வேண்டும். பார்க்கிற பாட்டிக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் நன்கு சோதிக்கப்பட்டுப் பலன் உறுதியான முறைகளில் இதுவும் ஒன்று. எவ்வளவு நேரம், எத்தனை வாரம் என்பதைத் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் என்றால், வாரம் இரண்டு அமர்வு சேர்ந்து ஒன்றரை மணி நேரம். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். மீதி முழுவதும் வீட்டில்தான் கழிகிறது. 2019-இல் அயோனா நோவாக், இங்கிரிட் ஹோனன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேண்டிய காரியத்தையே நேரடியாகப் பழக்குவதும், பெற்றோருக்குக் கற்றுத்தந்து வீட்டில் செய்யவைப்பதும் பலன் தருபவை என்பது அதில் தெளிவானது. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை வாங்கி, மணி அடித்ததும் திருப்பித் தரும் மையத்தில் பெற்றோர் பலனில் பாதியை இழக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கேட்பது அவர்கள் உரிமை.

வீட்டுப் பயிற்சிக்குக் கடைப் பொம்மை வேண்டியதில்லை. சப்பாத்தி மாவு பிசைவது விரல்களுக்கு பலம். கொண்டைக்கடலையையும் மொச்சையையும் கலந்து பிரிக்கச் சொல்வது கிள்ளிப் பிடிக்கப் பயிற்சி. பல்லாங்குழியில் ஒவ்வொரு காயாக விட, கைக்குள் காயை வைத்துக்கொண்டே விரலைத் தனியாக அசைக்க வேண்டும். விலை உயர்ந்த கருவிகள் செய்யும் வேலையே இது. இதற்கெல்லாம் தடையாக நிற்பது பெரும்பாலும் பாசம்தான். ஊட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் தட்டு காலி, தானே சாப்பிட விட்டால் முக்கால் மணி நேரம், தரையெல்லாம் சோறு. காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் நிற்கும்போது எந்தத் தாயும் முதல் வழியைத்தான் எடுப்பார். அதனால் ஞாயிறு மதியம் ஒருவேளையாவது சிந்தட்டும் என்று விடும்படி அனுபவமுள்ள தெரபிஸ்ட் கேட்பார்.

எழுத்து வராத குழந்தைகளுக்கு வருவோம். தமிழில் முதலில் சொல்லித்தரும் 'அ' கைக்குக் கடினமான எழுத்து. சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் அதில் உண்டு. 'ட', 'ப' இரண்டும் வெறும் நேர்கோடுகள். பெரியவர்களுக்கு எழுதக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் 'பட்டா', 'படி' என்று தொடங்கியதன் வசதி இங்கேயும் பொருந்தும். கோடு நிலைத்தபின் வளைவு, அதன்பின் 'ஞ', 'ண' போன்ற சுழிகள் என்று போனால் கை மிரளாது. மணலிலோ அரிசி பரப்பிய தட்டிலோ விரலால் எழுதிவிட்டுப் பிறகு பென்சிலுக்கு வரலாம்.

இன்னொரு வகைக் குழந்தைகளுக்குக் கையில் குறையில்லை; ஒலி, தொடுகை, கூட்டம் ஆகியவற்றைத் தாங்க முடியாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கருங்கல் தரையில் கால் வைக்க மறுத்து இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை, தவில் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, அடம்பிடிப்பதாகத்தான் ஊர் நினைக்கும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் அந்தக் குழந்தையைப் பழக்க நினைப்பது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவது போல. சாதாரண நாளின் விடியற்காலையில், வெளிப் பிரகாரத்தில் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம். திருவிழா நாளில் வெளியே கூட்டிப்போக நேர்ந்தால் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டுவதை மறக்கக் கூடாது.

இந்த உணர்வுப் பிரச்சினைகளுக்காக ஊஞ்சல், பந்து, தூரிகை கொண்டு தரும் 'சென்சரி இன்டக்ரேஷன்' முறை ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்தது. மையங்களில் இதற்கு நல்ல கிராக்கி. ஆனால் இதற்கான சான்றுகள் குறைவு, முடிவானவையும் அல்ல என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் அறிவுறுத்தியது. ஊஞ்சலில் ஆடியபின் குழந்தை அமைதியாவது உண்மையாக இருக்கலாம். வீட்டில் எந்தக் காரியம் சுலபமாயிற்று என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முறையை மாற்றச் சொல்லலாம். ஆறு மாதத்தில் குணம் என்று உறுதி தரும் இடத்தைவிட்டு உடனே வெளியேறுவது நல்லது.

இலக்குகள் வந்தபின் சிகிச்சை நிற்கும். பிறகு தேவைக்கேற்பத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். ஒன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, பருவ வயது ஆகியவை அப்படிப்பட்ட கட்டங்கள். பெண் குழந்தைக்கு நாப்கின் மாற்றும் பழக்கத்தை, பூப்படைவதற்குப் பல மாதங்கள் முன்பே, வெறும் உள்ளாடையில் ஒட்டி எடுப்பதிலிருந்து சொல்லித்தரத் தொடங்குகிறார்கள்.