பிரேக் அதிகமா, பாரம் அதிகமா?

"மாமா, ஃபோர்டு மேவரிக் வாங்கலாம்னு இருக்கேன். ஹைபிரிட் எடுக்கவா, டர்போ எடுக்கவா?" என்று கேட்டான் என் மைத்துனர் மகன். டெக்சாஸில் வேலை, லீவுக்கு வந்திருந்தான். பொத்தேரி ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த வாட்டர் கேன் சப்ளை செய்யும் தம்பியும் இந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கும் கிட்டத்தட்ட இதே கவலை. பழைய 'குட்டி யானை' டாடா ஏஸைத் தள்ளிவிட்டுப் புது லோடு வண்டி எடுக்க வேண்டும். டீசலா, கேஸா, கரண்டா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொன்னேன். இன்னொரு டீ சொல்லும் அளவுக்கு நேரம் பிடித்தது. வண்டி வாங்க நினைக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மேவரிக் இந்தியாவில் விற்பனைக்கு இல்லை. 2021இல் அமெரிக்காவில் அறிமுகமான சின்ன பிக்கப் அது; முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. மெக்சிகோவில் தயாராகிறது. ஆனால் அதில் இருக்கும் டர்போ பெட்ரோல் இன்ஜின் குடும்பம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பொத்தேரியிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் மறைமலை நகர். அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில் தயாரான எக்கோஸ்போர்ட்டை 2013இல் ஒரு லிட்டர் 'எக்கோபூஸ்ட்' டர்போ இன்ஜினோடு விற்றார்கள். மூன்றே சிலிண்டர், ஏறக்குறைய 125 குதிரைத்திறன். இங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. 2022 ஜூலையோடு அங்கே கார் உற்பத்தி நின்றது. அதே ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின் வரை தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஆலையை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர். கேட் திறக்கும் நாளை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

முதலில் டர்போ. இன்ஜினுக்குள் பெட்ரோலோ டீசலோ எரியக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு எரிபொருளை எரிக்கலாம், அவ்வளவு இழுவை. சாதாரண இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்றோடு சரி. டர்போவில், புகைக்குழாய் வழியே வீணாகப் போகிற சூடான வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் வேகம். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அதனால்தான் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கிறது. திணித்த காற்றுக்கு ஏற்ற எரிபொருளும் செலவாகும். டர்போவில் காலை அழுத்தினால் மைலேஜ் இறங்குவது இதனால்தான்.

ஹைபிரிட்டின் வழியே வேறு. ஓடுகிற வண்டியில் நாம் பிரேக் மிதிக்கும்போது, பிரேக் பேடு டிஸ்க்கை உரசி வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் காற்றோடு போய்விடுகிறது. ஹைபிரிட்டில் பிரேக்கை மிதித்தால் மின்மோட்டார் டைனமோவாக மாறி அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரியில் போடும். அடுத்து வண்டி நகரும்போது அந்தக் கரண்டே முதல் தள்ளு தள்ளும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும். ஏசி மட்டும் பேட்டரியில் ஓடும். ஆனால் அந்த பேட்டரி ரொம்பச் சின்னது. மேவரிக்கில் 1.1 கிலோவாட் மணிதான். அதை ஒரு சுருக்குப்பை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: சில்லறை வரும், உடனே செலவாகும், பெரிய தொகை அதில் தங்காது.

இன்னொன்றும் உண்டு. ஹைபிரிட்டில் இருக்கும் பெட்ரோல் இன்ஜின் 'அட்கின்சன்' முறையில் இயங்கும். காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடுவார்கள். அமுக்கும் தூரத்தைவிட எரிந்து விரியும் தூரம் கூடும். ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதல் வேலை வாங்கலாம். குறை என்னவென்றால், அந்த இன்ஜினுக்குக் கீழ்வேகத்தில் இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் இதே வகைதான்.

இப்போது கணக்கு. அமெரிக்க அரசின் சோதனைப்படி 2022 மாடல் மேவரிக் ஹைபிரிட் நகரத்தில் ஒரு காலனுக்கு 42 மைல், ஹைவேயில் 33. முன்சக்கர இழுவை உள்ள டர்போ நகரத்தில் 23, ஹைவேயில் 30. நம் கணக்குக்கு மாற்றினால் நகரத்தில் லிட்டருக்கு சுமார் 18 கி.மீ.க்கு எதிராகச் சுமார் 10. ஹைவேயில் 14க்கு எதிராக 12.75. ஆயிரம் கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஹைபிரிட் 56 லிட்டர் குடிக்கும், டர்போ 102. மிச்சம் 46 லிட்டர். ஹைவேயில் 71, 78. மிச்சம் 7 லிட்டர்தான்.

ஷோரூமில் யாரும் இப்படிப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், ஒரே ஒரு மைலேஜ் நம்பரைக் காட்டுவார்கள். ஆனால் மொத்த விஷயமும் இந்த 46க்கும் 7க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஹைபிரிட் சம்பாதிப்பது பிரேக்கில். பிரேக்கே மிதிக்காத சாலையில் அதற்கு வருமானம் இல்லை.

நம் ஜிஎஸ்டி சாலையில் வைத்துப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் பஸ் நிலையம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி. பேருக்குத் தேசிய நெடுஞ்சாலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் வருபவருக்குத் தெரியும்: முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக், மறுபடி முதல் கியர். இந்தச் சாலையில் தினம் வேலைக்குப் போய் வருபவர் ஓட்டுவது நகர ஓட்டம்தான். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 2 லட்சம் கொடுக்கிறார் என்றும், லிட்டர் 100 ரூபாய் என்றும், மேலே சொன்ன அதே வித்தியாசம் இங்கும் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 4,600 ரூபாய் மிச்சம். சுமார் 43,500 கிலோமீட்டரில் போட்ட பணம் வந்துவிடும். அதே ஆள் சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்து, விடிகாலையில் கிளம்பி, திண்டிவனம் பக்கம் நிற்காமல் ஓடி வேலைக்குப் போகிறவர் என்றால்? ஆயிரத்துக்கு 700 ரூபாய். பணம் திரும்பி வர 2.85 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். வண்டி அதற்குள் கைமாறிவிடும்.

அடுத்து பாரம். மேவரிக்கில் தொட்டியில் ஏற்றும் எடை இரண்டு இன்ஜினுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 680 கிலோ. பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பதில்தான் வித்தியாசம். ஆரம்ப மாடல்களில் ஹைபிரிட்டுக்கு 900 கிலோ. டர்போவில் அதற்கான பேக்கேஜ் எடுத்தால் 1,800 கிலோ. நான்கு சக்கர இழுவையும் டர்போவுக்கு மட்டுமே இருந்தது. 2025 மாடலிலிருந்து ஹைபிரிட்டிலும் நான்கு சக்கர இழுவை வந்துவிட்டது, பேக்கேஜோடு 1,800 கிலோவும் இழுக்கலாம். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறுகிறோம் என்றால், பாதி மலையிலேயே அந்தச் சின்ன பேட்டரி காலியாகும். அதன் பிறகு இழுப்பது அந்த அட்கின்சன் இன்ஜின் மட்டும். டர்போவுக்கு அந்தக் கவலை இல்லை. எரிபொருள் தீரும் வரை அதே இழுவை. சரக்கு வண்டிகள் டர்போ டீசலையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். 2005இல் வந்த முதல் டாடா ஏஸில் டர்போ கிடையாது; 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன்னைத் தூக்கியது மூன்று சிலிண்டர் டர்போ டீசலை வைத்துத்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் இடம் இருக்கிறது. 'ஸ்மார்ட் ஹைபிரிட்', 'மைல்டு ஹைபிரிட்' என்று ஒட்டியிருக்கும் கார்கள் மோட்டாரால் மட்டும் நகராது. பெல்ட்டோடு இணைந்த சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவே. மேலே போட்ட கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்ஜின் ஓடாமல் வண்டி நகருமா?

பராமரிப்பில், டர்போவுக்கு ஆயில்தான் உயிர். அந்த லட்சம் சுற்றைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் போவது டர்போ. நெடுந்தூரம் விரட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். மேவரிக், ஹைரைடர் வகை ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, கிளட்ச் இல்லை, பிரேக் பேடு சீக்கிரம் தேயாது. பேட்டரிக்கு டொயோட்டா இங்கே 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி தருகிறது. அந்த பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, கார்களில் பெரும்பாலும் பின்சீட் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியே போகும். அதை மூட்டை வைத்து அடைக்கக் கூடாது. முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறிய வண்டியை, எந்த இன்ஜினாக இருந்தாலும், ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹைபிரிட் என்றால் ஆரஞ்சு நிற ஒயரில் கையே வைக்காமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

"அண்ணே, என் கதைக்கு வாங்க" என்றார் வாட்டர் கேன் தம்பி. அவர் வேலையைப் பார்த்தால், ஹைபிரிட்டுக்கென்றே அளவெடுத்த வேலை. எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள். ஐம்பது அடிக்கு ஒரு நிறுத்தம். 20 லிட்டர் கேன் இறக்கி, காலி கேன் ஏற்றி, மறுபடி நகர வேண்டும். ஆனால் இந்த அளவு லோடு வண்டியில் ஹைபிரிட் நம் சந்தையில் இல்லை. ஹைபிரிட் செய்யும் அதே வேலையை முழுதாகச் செய்வது மின்வண்டி. டாடா ஏஸ் இவி 2022இல் அறிமுகமானது: 21.3 கிலோவாட் மணி பேட்டரி, 600 கிலோ பாரம், கம்பெனி சொல்லும் தூரம் 154 கி.மீ. 600 கிலோ என்றால் தண்ணீரின் எடையே முப்பது கேனோடு முடிந்துவிடுகிறது. கேனின் எடையையும் கூட்டினால் இருபத்தெட்டோடு நிறுத்துவது நல்லது. பாரத்தோடு 100 கி.மீ.தான் வரும் என்று குறைத்தும், சார்ஜுக்கு 25 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியும் போட்டால், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். லிட்டருக்கு 15 கொடுக்கும் டீசல் வண்டியில் ஆறு ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு அவர் ஓட்டம் 40 கிலோமீட்டருக்குள். ராத்திரி வீட்டு வாசலில் சார்ஜ் போட இடம் இருக்கிறது. அதனால் அவருக்கு மின்வண்டி. கோயம்பேட்டிலிருந்து தினமும் ஒரு டன் காய்கறி ஏற்றி மதுராந்தகம் வரை போகிறவர் கேட்டிருந்தால் தயங்காமல் டர்போ டீசல் என்றிருப்பேன்.

மைத்துனர் மகனுக்கு ஹைபிரிட். ஆபீஸ் போக வர நகர டிராஃபிக், வார இறுதியில் தோட்டத்துக்கு மண் மூட்டை, டிரெய்லர் எதுவும் இல்லை. அவனுக்கு டர்போ வேண்டிய காரணம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் வண்டி பார்த்துக்கொண்டிருந்தால், ஷோரூம் போகும் முன் ஒரு வாரம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: சிக்னலும் நெரிசலுமாக ஓட்டியது எத்தனை கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டியது எத்தனை, ஏற்றிய பாரம் எத்தனை கிலோ. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.